பாட்டா, கறியா? தேவார வகுப்புக்கு வருகிற கேள்விகள்

2008-லிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். 2013-லிருந்து கறி, மீன் தொடுவதில்லை. இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுக் கேள்வி கேட்காதவர்கள் ஊரில் குறைவு. பாசாரில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

டீச்சர், உங்க வகுப்புக்கு அனுப்பினா என் பிள்ளை கறி சாப்பிடுறத விட்டுடுமா?

விடாது. நூறு பிள்ளைகளுக்கு மேல் வந்து போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்து சைவமானது நான்கு பேர். அதிலும் ஒருத்தி மறுபடி ஆரம்பித்துவிட்டாள். தீபாவளிக்கு அவள் வைத்த ஆட்டுக்கறிப் பிரட்டலைப் படம் எடுத்து எனக்கே அனுப்பினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு அம்மா மட்டும் ஒரு தடவை சண்டைக்கே வந்துவிட்டார். மகன் கோழியை வேண்டாமென்று தட்டைத் தள்ளிவிட்டானாம், நான்தான் ஏதோ ஓதிக் கெடுத்துவிட்டேனாம். கடைசியில் பார்த்தால் பையனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. பல் சரியாகிவிட்டது, பையன் வகுப்புக்குத் திரும்பவில்லை.

அப்ப நீங்க ஏன் விட்டீங்க?

ஒரே நாளில் விடவில்லை. இதைத்தான் யாரும் நம்புவதில்லை. கனவில் சாமி வந்தது, டாக்டர் மிரட்டினார் என்று ஏதாவது ஒன்றை எதிர்பார்த்து என் முகத்தையே பார்க்கிறார்கள்.

அப்பா ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். சம்பளம் போட்ட அன்றைக்கு ஆட்டுக்கறி. மற்ற நாளில் நெத்திலி, கருவாடு, கெம்போங் மீன். வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்பில் கவுச்சி ஏறாது. லயத்து வீட்டில், அதாவது தோட்டத்துக்காரர்களின் வரிசை வீட்டில், யாரும் காலண்டரைப் பார்த்து வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்ததில்லை. தோட்டத்துக் கோயிலில் ஒலிபெருக்கிக் குழாய் பாட ஆரம்பித்தால் அது வெள்ளிக்கிழமை. அம்மன் பாட்டு காற்றில் வந்ததும் அம்மா மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரசச் சட்டியை எடுப்பார். இன்றைக்கும் எங்காவது குழாயில் அம்மன் பாட்டு கேட்டால் எனக்குப் புளி கரைக்கிற வாசம் வந்துவிடுகிறது.

பின்னால் நானே பாடச் சொல்லிக் கொடுக்க வந்ததும் நாட்கள் கூடின. சனிக்கிழமை வகுப்பு. செவ்வாய்க்கிழமை கோயிலில் கூட்டாகப் பாடுவது. பாடப் போகிற அன்றைக்குக் கவுச்சி சாப்பிடாமல் இருப்பது இங்கே எல்லாரும் செய்கிற வழக்கம்தான், யாரும் சட்டம் போடவில்லை. ஒரு சனிக்கிழமை எனக்கு மறந்துபோனது. மத்தியானம் கெம்போங் மீன் வந்தது, கழுவி அறுத்து மஞ்சள் தடவி வைத்துவிட்டு நேரமாகிவிட்டதே என்று வகுப்புக்கு ஓடினேன். சுருதிப் பெட்டியைத் திருகி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முன்வரிசையில் ஏழு வயசுக் குட்டி ஒன்று பெட்டியின் பக்கம் மூக்கைக் கொண்டுபோய், "டீச்சர், இந்தப் பெட்டி மீன் வாசம் அடிக்குது" என்றது. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து மோந்து பார்த்தார்கள். அன்றைக்குப் பாட்டு நடக்கவில்லை. திருகு இடுக்கில் ஏறிய வாசம் போக மூன்று வாரம் ஆனது. எலுமிச்சைத் தோல், பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் போட்டுப் பார்த்தேன்.

அந்த வருடம் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரை எடுத்து, சாப்பிடாத நாளுக்கெல்லாம் பென்சிலில் வட்டம் போட்டேன். செவ்வாய், வெள்ளி, சனி. புரட்டாசி முழுசும். தைப்பூசத்துக்கு 48 நாள். கந்த சஷ்டிக்கு 6 நாள். கார்த்திகை நட்சத்திரம். எண்ணிப் பார்த்தால் 215 வட்டம். சாப்பிடுகிற நாள் 150 தான் மிச்சம். பாதி வழிக்கு மேல் நடந்து வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. மீதியையும் நடந்துவிடலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

215 நாளைப் பாட்டு கொடுத்தது. 150 நாளை நான் பார்த்துக்கொண்டேன். அந்த 150 தான் கஷ்டம்.

பாட்டுல அப்படி என்ன இருக்கு? வார்த்தையா, ராகமா?

வார்த்தை மட்டும் என்றால் திருக்குறளே போதும். புலால் மறுத்தல் 26-ஆவது அதிகாரம், பத்துக் குறள். போட்டிக்காக மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பரிசை வாங்கிக்கொண்டு நேரே கேஎஃப்சிக்குப் போவார்கள், அப்பாவே கூட்டிக்கொண்டு போவார்.

ராகம் மட்டும் என்றாலும் நடக்காது. 1986-ல் அமெரிக்காவில் ரொனால்ட் மில்லிமன் என்பவர் ஓர் உணவகத்தில் மெதுவான இசையையும் வேகமான இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தார். மெதுவான இசைக்கு ஆட்கள் சராசரியாக 56 நிமிடம் உட்கார்ந்தார்கள், வேகமான இசைக்கு 45. குடிவகைக்குக் கூடச் செலவழித்தார்கள். சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. உட்கார வைக்கும், குடிக்க வைக்கும், தட்டில் கை வைக்காது. எங்கள் ஊர் கள்ளுக்கடையைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் சேதியாக இருக்காது.

என் அனுபவத்தில் வேலை செய்வது திரும்பத் திரும்பப் பாடுவது. வள்ளலாரின் "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தால் ஒரு நொடி. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சுருதி சேரும் வரை முப்பது தடவை பாட வேண்டியிருக்கிறது. முப்பதாவது தடவைக்குள் அது எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் வீட்டுக்குப் போய்க் கோழியை வெட்டும்போது கேட்கிறது. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்து மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே பாட்டும் சோறும் சேர்ந்தே வந்தன. பாடிவிட்டுப் பசியோடு அனுப்பினால் எந்தப் பாட்டும் நிற்காது.

கண்ணப்ப நாயனார் பன்றிக்கறிதானே படைச்சாரு? அதையும் நீங்கதானே பாடுறீங்க?

ஆமாம், பாடுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டவன் பதினொரு வயதுப் பையன், இன்னும் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

பெரிய புராணத்தில் காளத்தி மலையில் நடக்கிறது. வாயில் தண்ணீர், தலையில் பூ, கையில் தானே கடித்துப் பார்த்துப் பதம் தேர்ந்த இறைச்சி. பூசை செய்கிற சிவகோசரியார் வந்து பார்த்துப் பதறுகிறார், கழுவுகிறார், மறுநாளும் அதே கதை. ஆறாம் நாள் கண்ணப்பர் தன் கண்ணைப் பிடுங்கிச் சாமியின் கண்ணில் அப்புகிற வரைக்கும் சிவகோசரியாருக்குப் புரியவில்லை. அது பன்னிரண்டாம் திருமுறை. பத்தாம் திருமுறையான திருமந்திரத்தில் திருமூலர் புலால் மறுத்தல் என்று தனித் தலைப்பே போட்டுக் கடுமையாகத் திட்டுகிறார். இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்துகிற திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது இரண்டையும் சொல்லிக் கொடுக்கிறேன். எதைப் பிடித்துக்கொள்வது என்பது பாடுகிறவர் பாடு.

மிருதங்கம் மாட்டுத் தோல்தானே? கறி வேணாம், தோல் மட்டும் வேணுமா?

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் உடனே பதில் வருவதில்லை.

மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் இருக்கிறது. இழுத்துக் கட்டுகிற வார் எருமைத் தோல். இடது பக்கம் ரவையைக் குழைத்து ஒட்டுகிறோமே, அது சைவம். தோலைத் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, ரோமம் வழித்து, வெயிலில் இழுத்துக் கட்டுகிறவர்கள் கை நாறும். அந்தத் தோலின் மேல் விரல் வைத்து வாசிக்கிறவர் விபூதி பூசிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பார். வாத்தியம் செய்தவர் ஊருக்குக் கடைசியில் இருப்பார். தமிழ்நாட்டிலும் அப்படித்தான், இங்கே தோட்டத்தில் தப்படித்தவர்கள் லயமும் பெரும்பாலும் கடைசி வரிசைதான்.

இப்போது தோலுக்குப் பதிலாகச் செயற்கை நார்த் தலை போட்ட மிருதங்கம் வந்திருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் சுருதி சேர்ந்துவிடும். மழையில் இறங்காது, நம் ஊர் ஈரத்துக்கு வசதி. எங்கள் மண்டபத்தில் வாசிக்கிற அண்ணன் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் வருதும்மா, மூச்சு வரல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மீன் சாப்பிடுவார். நான் சாப்பிடமாட்டேன், ஆனால் அவருடைய தோல் மிருதங்கம் இல்லாமல் பாட எனக்கும் மனசு வருவதில்லை. ஆக என் சைவத்தில் ஓட்டை இருக்கிறது. தெரிந்தே வைத்திருக்கிறேன்.

என் மகன் உறுமி மேளக் குழுவுல இருக்கான். முனியாண்டி கோயில்ல கிடா வெட்டும்போது இவங்கதான் அடிக்கிறாங்க. அவன் எப்படி சைவமா இருக்க முடியும்?

இருக்கிறார்கள். உறுமியில் வளைந்த குச்சியால் ஒரு பக்கத்தைத் தேய்த்தால் அந்த முனகல் வரும்; கேட்டால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். அதே உறுமிதான் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போகிறது. ஈப்போ கல்லுமலைக்கு எங்கள் ஊரிலிருந்து போகிற காவடிகளுக்கு அடிக்கிற பையன்கள் விரதம் எடுத்தவனோடு சேர்ந்து தாங்களும் கவுச்சி தொடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தைப்பூசம் முடிந்து பல வீடுகளில் இடும்பன் பூசை வைத்துப் படையலோடு விரதத்தை முடிப்பார்கள். அன்றைக்குக் கோழிக்கடையில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

ஒரே மேளம் ஒரு வாரம் விரதத்துக்கு, அடுத்த வாரம் கிடாவுக்கு. மேளத்துக்குக் கொள்கை கிடையாது. உங்கள் மகன் அடித்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் வரலாம். கேலி செய்வார்கள், இரண்டு திருவிழா வரைக்கும்.

இங்கிலீஷ் பாட்டு கேட்டும் ஆளுங்க கறிய விடுறாங்களாமே, நெசமா?

நிஜம். என் அண்ணன் மகனே அப்படித்தான். ஒரு தேவாரம் முழுசாகத் தெரியாது, ஈப்போவில் காது கிழிகிற கச்சேரிகளுக்குப் போவான், பத்தொன்பது வயதில் கறியை விட்டான். அவன் சொல்லிக் கேட்டது: 1981-ல் வாஷிங்டனில் மைனர் த்ரெட் என்ற பங்க் குழு குடி, போதை வேண்டாம் என்று பாட ஆரம்பித்து அது ஒரு வழியாகவே ஆனது. அந்த வழியில் வந்த நியூயார்க் குழுவான யூத் ஆஃப் டுடே 1988-ல் இறைச்சியும் வேண்டாம் என்று பாடியது. அதற்கு முன்னாலேயே 1985-ல் இங்கிலாந்தில் தி ஸ்மித்ஸ் தங்கள் இசைத்தட்டுக்கே இறைச்சி என்றால் கொலை என்று பெயர் வைத்தார்கள். பாட்டுக்குள் மாடு கத்துகிற சத்தம் வரும். அந்த இசைத்தட்டு அங்கே விற்பனையில் முதல் இடத்துக்குப் போனது. அவன் எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினான். மாட்டுச் சத்தம் வந்ததும் நான் இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

பாப் மார்லியும் உண்டு. அவர் சேர்ந்திருந்த ஜமைக்கா சமயக் கூட்டமான ரஸ்தாபாரிகள் ஐட்டல் என்று ஒரு சாப்பாட்டு முறை வைத்திருக்கிறார்கள். கறி கிடையாது, கடுமையாக இருப்பவர்கள் உப்புகூடச் சேர்ப்பதில்லை. எங்கள் ஊரில் மார்லி முகம் போட்ட சட்டைக்கும் லாரிக் கண்ணாடி ஸ்டிக்கருக்கும் பஞ்சமே இல்லை. அந்தச் சட்டையோடு காட்டுப்பன்றிக் கறிக்கு வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு இதைச் சொன்னால், "யாரு, இவரா?" என்று சட்டையைக் குனிந்து பார்க்கிறார்கள்.

அண்ணன் மகனும் நானும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம். அவனுக்கும் அந்தக் கூட்டம், அந்தச் சனிக்கிழமை, கூடச் சாப்பிடுகிற நான்கு பேர்.

என்ன, ஐயர் ஆயிட்டீங்களா?

இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். சிரிப்புக்குள் முள் இருக்கும். சைவம் என்றால் மேல், கவுச்சி என்றால் கீழ் என்ற கணக்கு நம் ஆட்களோடு கப்பலேறித் தோட்டத்துக்கும் வந்தது. பால்மரம் வெட்டினவர்கள் கறியும் கருவாடும் தின்றுதான் அந்த வேலையைச் செய்தார்கள். நான் விட்டதால் என் அப்பாவை விட ஒரு படி ஏறிவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அப்பர் ஆறாம் திருமுறையில் "ஆவுரித்துத் தின்றுழலும் புலையரேனும்" கங்கையைச் சடையில் வைத்தவனுக்கு அன்பர் என்றால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்கிறார். மாட்டை உரித்துத் தின்பவரை. வகுப்பில் அந்தப் பாட்டு வரும்போது ஒரு பிள்ளையாவது புலையர் என்றால் யார் டீச்சர் என்று கேட்கும். மழுப்பாமல் சொல்லிவிடுவேன்.

பாட்டு, சாமி எதுவும் வேணாம். நானா முடிவு பண்ணி விட்டா நிக்குமா?

காந்திக்கு நின்றது. நம் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கே அவர் பெயர்தானே. சின்ன வயதில் நண்பனோடு சேர்ந்து திருட்டுத்தனமாக ஆட்டுக்கறி தின்றார், அன்றைக்கு ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துகிற மாதிரி இருந்ததாம். லண்டனுக்குப் படிக்கப் போகும்போது அம்மாவுக்குச் செய்த சத்தியத்துக்காகத்தான் தொடாமல் இருந்தார், அரைப் பட்டினி. அங்கே ஒரு சைவக் கடையில் ஹென்றி சால்ட் எழுதிய சின்னப் புத்தகத்தை வாங்கிப் படித்த பிறகுதான், தானே விரும்பிச் சைவமானதாகச் சொல்கிறார்.

சத்தியம் ஆளைத் தாக்குப்பிடிக்க வைக்கும். அதற்குள் சொந்தக் காரணம் ஒன்று கிடைத்துவிட வேண்டும்.

உங்க வீட்டுக்காரர் சாப்பிடுறாரா?

நன்றாகச் சாப்பிடுகிறார். சட்டி இரண்டு, கரண்டி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை அவரே பின்கட்டில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்வார். முதல் வருடம் நான் முகத்தைச் சுளித்திருக்கிறேன், அது தப்பு. அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நீ விட்டது ஒன்னோட இஷ்டம். என் இஷ்டம் எங்க போச்சு?" அதற்கப்புறம் சுளிப்பதில்லை. கெளுத்தி பொரிக்கிற அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

வெளிய சாப்பிடும்போது எதுல மாட்டிக்குவோம்?

சம்பலில். அதில் போடுகிற பெலாச்சான், இறாலை அரைத்துச் செய்த விழுது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலியைப் பொறுக்கிப் போட்டுவிட்டால் சைவம் என்று நினைக்காதீர்கள், சம்பலுக்குள் இருக்கிறது. காய்கறித் தேங்காய்ப்பால் குழம்பான சாயூர் லோடேயில் காய்ந்த இறால் இருக்கும். கீரை வறுவலில் சிப்பி சாஸ்.

மலாய்க் கடையில் "சாயா தா மாக்கான் டாகிங்", நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொன்னால் கோழி வரும். அவர்களுக்கு டாகிங் என்றால் பெரும்பாலும் மாடுதான். கோழி, மீன், இறால், பெலாச்சான் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஹரி ராயா பெருநாளுக்குக் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்கு (அம்மாவுக்கு) இதெல்லாம் பழகிவிட்டது; எனக்கென்று தனியாகக் கெத்துப்பாட் என்கிற ஓலையில் வேகவைத்த சோறும் கடலைக் குழம்பும் எடுத்து வைப்பார். சீனர் சைவக் கடை கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சந்திர மாதம் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் அள்ளும், சீக்கிரம் போங்கள். சோயாவில் செய்த போலி ஆட்டுக்கறியை வாங்கி நம் மசாலாவில் பிரட்டினால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்காது, விட்ட சாமானையே மறுபடி வாங்கின மாதிரி இருக்கிறது.

பிள்ளைக்குச் சத்து போதுமா?

பால், தயிர், முட்டை இருந்தால் சமாளிக்கலாம். எல்லாவற்றையும் விட்டால் பி12 மாத்திரை கட்டாயம். செடிகொடியில் அது கிடைக்காது, தெம்பேயை நம்ப முடியாது. இரும்புச் சத்துக்குக் கீரை, பருப்பு. மேலே எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு தே (டீ) குடிக்காதீர்கள். வளர்கிற பிள்ளை என்றால் கிளினிக்கில் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. கறியை விட்டுவிட்டு மலை மாதிரி வெள்ளைச் சோறு, அப்பளம், கேசரி, சீனி போட்ட தே தாரிக் என்று இருந்தால் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எகிறும். இந்த நாட்டில் அந்த நோய் நம் இனத்தில்தான் அதிகம். கோயில் அன்னதானத்தைப் பார்த்து இதைச் சொன்னதற்குக் கமிட்டியில் என்மேல் கோபம்.

விட்டுட்டு மறுபடி சாப்பிட்டா பாவமா?

தெரியாது. ஆட்டுக்கறிப் படம் அனுப்பிய பெண்ணும் இதைத்தான் கேட்டாள். நன்றாகப் பாடுகிறாய், செவ்வாய்க்கிழமை வந்துவிடு என்று பதில் போட்டேன். வருகிறாள்.

வகுப்பு எத்தனை மணிக்கு? சாப்பிட்டுட்டு வரலாமா?

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. எதை வேண்டுமானாலும் சாப்பிட்டுவிட்டு வரலாம். மண்டபத்துக்குப் பின்னால் குழாய் இருக்கிறது, சோப்பு நான் வாங்கி வைத்திருக்கிறேன். சுருதிப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும்.